கண்ணுக்கா, வலிப்புக்கா, லடாக்குக்கா?

சென்னையிலிருந்து லடாக் போகிற கோஷ்டி எதுவாக இருந்தாலும் சரி, அதன் பைகளைச் சோதனை போட்டால் மூன்று சாமான்கள் தவறாமல் கிடைக்கும். ஒன்று, தி.நகரில் பேரம் பேசி வாங்கிய, எப்படி மடித்தாலும் தலையணை சைஸுக்குக் குறையாத ஜெர்கின். இரண்டு, யாரோ ஒருவருடைய மாமியார் கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி. மூன்று, டயமாக்ஸ் என்ற வெள்ளை மாத்திரை, ஓர் அட்டை.

முதல் இரண்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது மூன்றாவது சாமானைப் பற்றியது. எங்கள் கோஷ்டியில் பதினோரு பேர். பதினோரு பேரும் பத்திரமாகத் திரும்பி வந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், ஒருத்தர் விஷயத்தில் ஒரு ராத்திரி முழுக்க அது நிச்சயமில்லாமல் இருந்தது.

"போறதுக்கு முந்தின நாள்லேர்ந்து டயமாக்ஸ் போட்டுக்குங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று டூர் ஏற்பாட்டாளர் சொன்னார். அவர் சொன்ன தோரணையில், அது பெப்பர்மின்ட்டுக்குத் தங்கை என்று நினைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"டயமாக்ஸ் ஒரு அட்டை குடுங்க."

கடைக்காரர் கையை நீட்டாமல் கேட்டார்: "யாருக்கு? கண்ணுக்கா, வலிப்புக்கா?"

"லடாக்குக்கு."

ஏற இறங்கப் பார்த்தார். "சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன் சார். டாக்டரைப் பார்த்துட்டு வாங்க."

நல்ல மனுஷர். டாக்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த மாத்திரைக்கு மலையேற்றம் என்பது பார்ட் டைம் வேலை. முழுநேர உத்தியோகமெல்லாம் கண் ஆஸ்பத்திரியிலும் நரம்பு வார்டிலும்தான். டாக்டர் கேட்ட கேள்விகளும் அப்படித்தான் இருந்தன. சல்ஃபா மாத்திரை ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? கிட்னியில் கல் உண்டா? லிவர் எப்படி? தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை', 'நன்றாக இருக்கிறது' என்று பதில் சொன்ன பிறகு, 250 மில்லிகிராம் மாத்திரையில் காலையில் பாதி, ராத்திரி பாதி என்று எழுதினார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஆரம்பித்து, மேலே போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு நாள் வரை. இது எனக்கு எழுதிய கணக்கு. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

* * *

டெல்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஜன்னல் ஸீட் கிடைத்தால் பாக்கியசாலி. கீழே மடிப்பு மடிப்பாகப் பனிமலைகள். அத்தனை பேரும் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருக்கும்போது, கதவைத் திறந்து 10,682 அடி உயரத்தில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். ஊர் இன்னும் கொஞ்சம் மேலே, சுமார் 11,500 அடி.

இந்த எண்ணின் பவிஷு சும்மா கேட்டால் புரியாது. ஊட்டியில் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். மூணாறு பக்கம் இருக்கிற ஆனைமுடி 2,695 மீட்டர். விந்திய மலைக்குத் தெற்கே அதைவிட உயரமான இடமே கிடையாது. லே விமான நிலையத்தின் ரன்வே 3,256 மீட்டர். அதாவது, தென்னிந்தியாவில் எந்த மலை உச்சியில் ஏறி, அங்கே ஒரு தென்னை மரத்தை நட்டு, அதன் உச்சியில் நின்றாலும் லேயில் பெட்டிக்காகக் காத்து நிற்கிற இடத்தைத் தொட முடியாது. நம் உடம்புக்கு இந்த உயரத்தில் முன் அனுபவம் சுத்தமாகப் பூஜ்யம்.

"அங்கே ஆக்ஸிஜன் கம்மி" என்பார்கள். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவிகிதம்தான். காற்றின் அழுத்தம்தான் குறைவு. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் லேயில் கிடைக்கும். கர்துங் லா கணவாய்க்குப் போனால் அதுவும் பாதியாகிவிடும். சம்பளம் அதே சம்பளம், பிடித்தம்தான் ஜாஸ்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தச் சமாசாரத்தை உலகத்துக்கு விளக்கியதில் நம் ராணுவ டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 சீன யுத்தத்தின்போது சமவெளியில் இருந்த சிப்பாய்களை அவசர அவசரமாக மலை மேல் கொண்டுபோய் இறக்கினார்கள். தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் என்று ஆட்கள் சரிந்தார்கள். இந்தர் சிங் என்ற ராணுவ டாக்டரும் அவருடைய சகாக்களும் இப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 சிப்பாய்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1969-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. மலை நோயைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அதைத் தொடாமல் போக மாட்டார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு வேறு வழி இல்லை, உத்தரவு. நமக்கு இருப்பது உத்தரவு அல்ல, நாலு நாள் கேஷுவல் லீவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

* * *

மாத்திரை என்ன செய்கிறது? காமர்ஸ் படித்த மூளைக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். சயன்ஸ்காரர்கள் மன்னிக்கவும்.

உயரத்துக்குப் போனதும் உடம்பு வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடும். ரத்தத்தில் அமிலம் குறைந்து காரம் கூடிவிடும். உடனே மூளை, "ஏய், கணக்கு இடிக்குதே" என்று மூச்சுக்கு பிரேக் போட்டுவிடும். முக்கியமாக ராத்திரியில். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் திடுக்கென்று எழுந்து உங்கள் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பார்.

இந்தக் கணக்கை நேர் செய்கிற பொறுப்பு கிட்னியுடையது. அதிகப்படியான காரத்தை அது சிறுநீரில் அனுப்பிவிட வேண்டும். அனுப்பும். ஆனால், நம்ம ஊர் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி, ஃபைல் நகர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தலைவலி, குமட்டல், தூக்கமின்மை.

டயமாக்ஸ் என்கிற அசெட்டஸோலமைட் போய் அந்த ஒரு ஃபைலை முதல் நாளே நகர்த்திவிடுகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு என்ஸைம் இருக்கிறது. 1933-ல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தார்கள். கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துக் கணக்கு எழுதுவது அதன் வேலை. மாத்திரை அதை உட்கார வைத்துவிடும். கிட்னி காரத்தை வெளியே தள்ளும், ரத்தத்தில் அமிலம் கூடும், மூளை பிரேக்கை எடுத்துவிடும், நீங்கள் ராத்திரியிலும் ஒழுங்காக மூச்சு விடுவீர்கள்.

கவனியுங்கள், நகர்ந்தது ஒரு ஃபைல்தான். ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டுவது போன்ற மற்ற செக்‌ஷன்களில் வேலை வாரக்கணக்கில் நடக்கும். அங்கெல்லாம் இந்த மாத்திரையின் சிபாரிசு செல்லாது.

அதே என்ஸைம் கண்ணிலும் இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறிக்கொண்டே இருக்கும், வடிந்துகொண்டே இருக்கும். வடிகால் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்கும். க்ளாக்கோமா. மாத்திரை ஊற்றைக் குறைத்துவிடுகிறது. 1954-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் பெக்கர் என்ற கண் டாக்டர் இதை எடுத்துக் காட்டினார். மூளையிலும் அந்த என்ஸைம் உண்டு. அங்கே அமில அளவு மாறினால் நரம்பு செல்களின் துடிப்பு கொஞ்சம் அடங்கும். அதனால் சில வகை வலிப்புகளுக்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்து இதைக் கொடுக்கிறார்கள். மாதவிலக்கை ஒட்டி வலிப்பு அதிகமாகிற பெண்களுக்கு அந்த நாட்களில் மட்டும் கொடுப்பதும் உண்டு. நாளாக நாளாக உடம்பு பழகிப்போய்ப் பலன் குறைந்துவிடுகிற தொல்லை இருப்பதால், வலிப்புக்கு இது முதல் மருந்து இல்லை.

ஒரே மாத்திரை. கண்ணில் ஊற்றை அடைக்கிறது, மூளையில் துடிப்பை அடக்குகிறது, கிட்னியில் ஃபைலை நகர்த்துகிறது. மெடிக்கல் ஷாப்காரர் கேட்ட கேள்வி எவ்வளவு நியாயமானது, பாருங்கள்.

* * *

இனி, பக்க விளைவுகள். லேயில் முதல் நாள் ஹோட்டலில் படுத்திருந்தோம். சாயங்காலம் பக்கத்து ரூமிலிருந்து திருச்சி நண்பர் ஓடி வந்தார்.

"சார், விரல் நுனியில எறும்பு ஊறுது. உதடும் மதமதங்குது. ஹார்ட் அட்டாக்கா?"

என் கையை நீட்டினேன். அதிலும் எறும்பு. எதிர் ரூம்காரருக்குக் கால் விரலில். விசாரித்ததில், அந்த மாடியில் மாத்திரை போட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு எறும்புகள் ஊறிக்கொண்டிருந்தன. இதுதான் இந்த மாத்திரையின் கையெழுத்து. பயப்பட ஒன்றுமில்லை. நிறுத்தினால் போய்விடும்.

இரண்டாவது, பாத்ரூம். கிட்னியைத் துரிதப்படுத்திவிட்டு அது சும்மா இருக்க வேண்டும் என்றால் எப்படி? லே பஜாரைச் சுற்றிப் பார்த்ததில் ஒன்பது மாடி அரண்மனையைவிட எங்களுக்கு நன்றாகப் பரிச்சயமானது, எந்தெந்தத் தேநீர்க் கடையில் பின்பக்கம் கதவு இருக்கிறது என்பதுதான். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தலைவலி இரட்டிப்பாகும். குடிக்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும்.

மூன்றாவதுதான் விநோதம். பஜாரில் திருச்சி நண்பர் ஒரு கூல்டிரிங்க் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "காலாவதி ஆன சரக்கு!" என்று கடைக்காரரோடு அரைகுறை இந்தியில் சண்டை பிடித்தார். கடைக்காரர் தேதியைக் காட்டினார். சரியாக இருந்தது. அவரே ஒரு வாய் குடித்துக் காட்டினார். கடைசியில் புன்சிரிப்போடு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "டயமாக்ஸ்?"

சோடாவின் சுரீர் என்ற ருசிக்கு நாக்கில் இருக்கிற அதே என்ஸைம்தான் காரணம். 2009-ல் எலிகளை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். மலையேறிகளுக்கு அதற்கு முன்பே தெரியும். என்ஸைம் தூங்கிவிட்டதால் சோடா, பீர் எல்லாமே பாத்திரம் கழுவிய தண்ணீர்.

இந்த மூன்றும் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாதவையும் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறையலாம், கிட்னியில் கல் விழலாம், களைப்பு, பசியின்மை வரலாம். சிலருக்குத் திடீரென்று தூரப்பார்வை மங்கும். தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் என்று ஆரம்பித்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். காரணம், இது சல்ஃபா பரம்பரையில் வந்த மருந்து. சல்ஃபா மாத்திரை சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அமிலம் கூடுகிறதே என்று ஆராயப் போய்த்தான், அதே குடும்பத்தில் இதை உருவாக்கினார்கள்.

* * *

சல்ஃபா என்றதும் பேங்க் மாமாவைச் சொல்லியாக வேண்டும். கும்பகோணத்துக்காரர், ரிட்டயர்டு பேங்க் ஆபீஸர், அறுபத்து மூன்று வயது. மாமியையும் கூட்டிக்கொண்டு எங்களுக்கு மூன்று நாள் முன்னாலேயே லேவுக்கு வந்து இறங்கியிருந்தார். நாங்கள் போய்ப் படுக்கையில் விழுந்த அன்று, அவர் தலைக்குக் குல்லா, கையில் பிளாஸ்க் சகிதம் வாக்கிங் போய்விட்டு வந்துகொண்டிருந்தார்.

"நீங்க எத்தனை மாத்திரை மாமா போட்டேள்?" என்று கேட்டேன், அவர் பாஷையிலேயே.

"ஒண்ணு கூட இல்லை. எனக்கு ஆகாது. முன்னே ஒரு தடவை செப்ட்ரான் சாப்பிட்டு உதடெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரியில கிடந்தேன். டாக்டர் சொல்லிட்டார், 'உமக்கு மாத்திரை வேண்டாம் ஓய், மூணு நாள் முன்னாடி போய் உக்காரும்'னு. ரிட்டயர் ஆனவனுக்கு மூணு நாள் என்ன, மூணு மாசம் கூட உண்டு."

ஆனால், அந்த மாத்திரையை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாமி மூலமாக.

"நாலு வருஷம் முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்கு இவ தலை வெடிக்கறதுன்னா. வாந்தி வேற. பித்தம்னு நெனச்சு இஞ்சிக் கஷாயம் போட்டுக் குடுத்தேன். ஒரு கண்ணு மட்டும் செவசெவன்னு இருந்தது. தெரு லைட்டைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியறதுன்னா. அப்பதான் பயந்துபோய்க் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு ஓடினேன். கண்ணுல பிரஷர் அம்பதுக்கு மேல! இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணுமாம். முதல்ல குடுத்தது இந்த மாத்திரைதான். பிரஷர் இறங்கினப்புறம் லேசர்ல பொட்டு மாதிரி ஓட்டை போட்டா. விடிய விடியக் கஷாயம் குடுத்திண்டு உக்காந்திருந்தா, கண்ணு போயிருக்கும்னு சொன்னா."

மாமி குறுக்கே புகுந்தார்: "கஷாயமும் ஒரு தினுசாத்தான் இருந்தது."

கண் விஷயத்தில் இந்த மாத்திரையின் அவசரம் இதுதான். நெடுநாள் வைத்தியத்துக்கு இப்போது இதே இனத்தைச் சேர்ந்த சொட்டு மருந்துகள் வந்துவிட்டன. கண்ணோடு வேலை முடிந்துவிடும், எறும்பு ஊறாது. ஆனால் அழுத்தம் திடீரென்று ஏறிய ராத்திரியில் பழைய மாத்திரையைத்தான் இன்னும் தேடுகிறார்கள்.

* * *

இனி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

எங்கள் கோஷ்டியிலேயே இளையவன் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் தம்பி. இருபத்து நாலு வயது. தினமும் ஜிம். உடம்பைப் பார்த்தால் மலைதான் இவனைப் பார்த்துப் பயப்பட வேண்டும். மாத்திரையை டாக்டர் எழுதிய மாதிரியே வேளை தவறாமல் போட்டான். போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தான்.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் படுத்திருக்க, சாந்தி ஸ்தூபியின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஓடியே ஏறி வீடியோ எடுத்தான். "வேண்டாம் தம்பி" என்றார் பேங்க் மாமா. "மாத்திரைதான் போட்டுட்டேனே மாமா!" ராத்திரி பீர். "மாத்திரைதான் போட்டுட்டேனே!"

எங்கள் அட்டவணையும் அவனுக்கு ஒத்தாசையாக இருந்தது. முதல் நாள் லே. இரண்டாம் நாளே கர்துங் லா வழியாக நூப்ரா. மூன்றாம் நாள் பாங்காங் ஏரி. நாலாம் நாள் லே, ஐந்தாம் நாள் விமானம். ஐந்து நாள், நாலு ராத்திரி. ஆபீஸ்காரர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பேக்கேஜ். நம் லீவுக்கு அளவெடுத்திருந்தார்கள். நம் நுரையீரலுக்கு எடுக்கவில்லை.

கர்துங் லாவில் பழைய போர்டு 18,380 அடி என்று பீற்றிக்கொண்டது. ஜி.பி.எஸ். அளவில் அது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குக் கொஞ்சம் குறைவு. எதுவாக இருந்தால் என்ன, பத்தடி நடந்தால் பாட்டியின் இருமல் நமக்கும் வருகிறது. இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காதீர்கள் என்று டிரைவர் விரட்டி ஏற்றினார். மறுபக்கம் இறங்கினால் நூப்ரா லேயைவிடத் தாழ்வு. மணல்மேடு, இரட்டைத் திமில் ஒட்டகம், திஸ்கித்தில் நூறடி உயர மைத்ரேய புத்தர். அங்கே எல்லோருக்கும் உயிர் வந்தது. தம்பிக்கு மட்டும் தலைவலி. "டயமாக்ஸ் சைடு எஃபெக்ட்தான் அண்ணா" என்று ஒரு பாராசிட்டமாலை விழுங்கினான்.

விரலில் எறும்பு ஊறினால் அது மாத்திரை. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், மாத்திரை காரணமில்லை என்று நிச்சயமாகத் தெரியும் வரை அது மலை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஏறக் கூடாது. இது பிற்பாடு லே டாக்டர் சொன்னது.

நாங்கள் ஏறினோம். ஷியோக் நதி ஓரமாக வந்து, மறுநாள் மாலை பாங்காங்கில் கூடாரம். பதினாலாயிரம் அடி. ஏரியைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாவிட்டால் பாவம். 134 கிலோமீட்டர் நீளம், அதில் பெரும்பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம். நிமிஷத்துக்கு ஒரு நீலம். '3 இடியட்ஸ்' வந்த 2009-க்குப் பிறகு, அங்கே மஞ்சள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து படம் எடுக்கக் கட்டணமே வசூலிக்கிறார்கள். தம்பி அந்த ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும் என்று மாமி பிற்பாடு சொன்னார்.

ஒன்பது மணிக்கு இரண்டு தடவை வாந்தி. பாத்ரூமுக்கு எழுந்தவன், ஆடி ஆடி நடந்து கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்குத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அவன் குடிக்கவில்லை.

எங்கள் டிரைவர் லடாக்கி. ஐம்பது வயதிருக்கும். "ஜூலே" என்ற வணக்கத்துக்கு மேல் அதிகம் பேசாத ஆசாமி. உள்ளே வந்தார். தரையில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தைக் காட்டி, ஒரு குதிகாலை அடுத்த கட்டைவிரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொன்னார். தம்பி மூன்றாவது அடியில் சாய்ந்தான். இரண்டாவது முறையும் அப்படியே. அவன் பெயரைக் கேட்டால் பதில் வர நேரம் எடுத்தது.

டிரைவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "இப்போதே கீழே" என்றார் இந்தியில்.

கூட வந்த டூர் ஆள், "ராத்திரி ரோடு மோசம், காலையில் பார்க்கலாம். இன்னொரு டயமாக்ஸ் குடுங்க" என்றான்.

டிரைவர் அவனைப் பார்க்கவே இல்லை. எங்களிடம்தான் சொன்னார்: "காலையில் இவனை எழுப்ப முடியாமல் போனால்?"

மூளையில் நீர் கோத்துக்கொள்வது அது. நுரையீரலில் கோத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் முதல் மருந்து, கீழே இறங்குவது. அதில் ஒரு சிக்கல். பாங்காங்கிலிருந்து லேவுக்கு வர வேண்டுமானால் சாங் லா என்ற பதினேழாயிரத்து ஐந்நூறு அடிக் கணவாயைத் தாண்ட வேண்டும். கீழே போவதற்காக மேலே ஏறுகிற வழி. ஆகவே, அதற்கு முன்னால், ஏரியைவிடச் சுமார் ஆயிரம் அடி தாழ்வில் இருக்கிற டாங்ட்சே என்ற ஊருக்கு வண்டியை விட்டார். பின் ஸீட்டில் தம்பி, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாமி. நானும் பேங்க் மாமாவும் முன்னால். ஹெட்லைட் வெளிச்சத்தில் கல்லும் தண்ணீரும் ஓடிக் கடந்த ரோடு. மாமி வழி நெடுக அவனிடம் கேட்டுக்கொண்டே வந்தார்: "உங்க அம்மா பேர் என்னடா? ஸ்கூல் எங்கே படிச்சே?" பதில் ஒவ்வொன்றும் தாமதமாக வந்தது. ஓரிடத்தில் வரவே இல்லை. மாமி கன்னத்தில் தட்டி மறுபடி கேட்டார். "வி... விழுப்புரம்" என்றான். எந்த ஊர்ப் பெயரும் என் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை.

டாங்ட்சே சுகாதார நிலையத்தில் ஆக்ஸிஜன் வைத்து ஊசி போட்டார்கள். விடியற்காலை நாலு மணி வாக்கில் தம்பி கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றான். மாமி அழுதுவிட்டார். பகலில் ஆக்ஸிஜன் சிலிண்டர் துணையோடு சாங் லாவைக் கடந்து லே ஆஸ்பத்திரி. இரண்டு நாள் கழித்துக் கீழே அனுப்பினார்கள்.

லே டாக்டரிடம் நான் கேட்டேன்: "மாத்திரை ஒழுங்காப் போட்டானே டாக்டர்?"

"அதனால்தான் வராது என்று நினைத்துவிட்டான்" என்றார். "மாத்திரை போட்டால் மலை நோய் வருவது குறையும். வரவே வராது என்று யார் சொன்னது? இங்கே அட்மிட் ஆகிறவர்கள் பையிலும் அந்த அட்டை இருக்கிறது."

* * *

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். லீவு கணக்கை மட்டும் திருத்திப் போடுங்கள்.

விமானத்தில் போனால் லேயில் முழுசாக இரண்டு நாள், முடிந்தால் மூன்று, சும்மா இருங்கள். முதல் நாள் படியேறாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள். பத்தாயிரம் அடிக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பகலில் கணவாய் ஏறி இறங்குவது வேறு, மேலேயே படுப்பது வேறு. முதலில் நூப்ரா, திரும்ப லே, கடைசியில் பாங்காங் என்று வையுங்கள். ரோட்டு வழி என்றால் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகப் படிப்படியாக ஏறுவது உத்தமம். மணாலி வழியில் ராத்திரி தங்கும் சார்ச்சு 4,290 மீட்டர், லேயையும் மிஞ்சிய உயரம்.

மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். சல்ஃபா அலர்ஜியை அவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் க்ளாக்கோமாவுக்கோ வலிப்புக்கோ வாங்கி வைத்திருக்கிற அட்டையிலிருந்து நாலு கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். அது அவர்களுடைய கணக்கு. தலைவலி வந்தால் அன்று ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், மூச்சு வாங்குவது உட்கார்ந்த பிறகும் அடங்காவிட்டால், நடுராத்திரி ஆனாலும் இறங்குங்கள்.

இதற்கெல்லாம் ஐந்து நாள் போதாது, எட்டு நாளாவது வேண்டும். மானேஜர் முறைப்பார். முறைக்கட்டும். அவரிடம் கேட்க வேண்டிய மூன்று நாள் லீவைக் கிட்னியிடம் கேட்காதீர்கள். அது சேங்ஷன் பண்ணாது.